மலையுச்சியில் மதியச் சாப்பாடு

அமெரிக்காவில் சின்ன விமானம் ஓட்டுபவர்களிடையே 'நூறு டாலர் பர்கர்' என்று ஒரு பேச்சு உண்டு. விடுமுறை நாளில் விமானத்தை எடுத்துக்கொண்டு வேறொரு ஊர் விமான நிலையத்துக்குப் போய், அங்கே உள்ள உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவதுதான் அது. நூறு டாலர் என்பது பேர் வைத்த காலத்துக் கணக்கு. இன்று கலிபோர்னியாவில் அந்தக் காசு ஒரு மணி நேர வாடகைக்கே போதாது. இப்படிப்பட்ட பயணங்களில் பேர்போனது, லாஸ் ஏஞ்சலிஸுக்கு எதிரே கடலில் இருக்கும் கேட்டலினா தீவு. பைலட் லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர் யாராவது "வர்றீங்களா?" என்று கேட்டால் தயங்காமல் கிளம்புங்கள்.

ஆனால் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க மட்டும் போகாதீர்கள். கடலும் மலையும் பெரிய விமானத்திலிருந்தும் தெரியும். ஒரு மனிதர் எதைப் பார்த்து, எதைக் கேட்டு, என்ன முடிவெடுக்கிறார் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பது இங்கேதான் கிடைக்கும். முன்வரிசையில் வலப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலும் செஸ்னா 172 ஆகத்தான் இருக்கும். 1955-ல் முதலில் பறந்தது. உலகில் இதைவிட அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் கிடையாது. நான்கு இருக்கைகள். மாருதி 800-ல் நாலு பேர் நெருக்கிக்கொண்டு போன அனுபவம் இருந்தால் இடம் எவ்வளவு என்று புரியும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க எந்தத் தடையும் இல்லை. கிளம்புவதற்கு முதல் நாளே பைலட் உங்கள் எடையைக் கேட்பார். கூச்சப்பட்டு இரண்டு மூன்று கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். கேட்டலினாவில் விமானத்துக்கான பெட்ரோல் கிடைக்காது. போகவர வேண்டியதை இங்கிருந்தே சுமந்து போக வேண்டும். ஆட்களும் எரிபொருளும் சேர்ந்து எடை வரம்பைத் தாண்டக் கூடாது.

ஏறும் முன் அவர் விமானத்தைச் சுற்றிவருவார். கூடவே நடங்கள். இறக்கையின் அடியில் ஒரு வால்வை அழுத்தி, சின்னக் குப்பியில் கொஞ்சம் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். விமானப் பெட்ரோலுக்கு வெளிர்நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். டாங்கிக்குள் தண்ணீர் சேர்ந்திருந்தால் அது நிறமில்லாமல் குப்பியின் அடியில் தனியாக நிற்கும். உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் காட்டுவார்.

அடுத்தது காதுக்கான இடம். ஓடுதளத்தின் வாயிலில் விமானத்தை நிறுத்தி, பிரேக்கைப் பிடித்தபடி இன்ஜினை நிமிடத்துக்கு 1,800 சுற்று வரை உறுமவிடுவார். இந்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். பொறி கொடுக்கும் மேக்னெட்டோவும் இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றது கரைசேர்க்கும். சாவியை ஒரு பக்கம் திருப்பி ஒரு மேக்னெட்டோவை நிறுத்துவார். சத்தம் லேசாகத் தொய்யும், முள் கொஞ்சம் இறங்கும். சாவியைத் திருப்பி வைத்ததும் சத்தம் பழையபடி நிமிரும். அடுத்த பக்கமும் அப்படியே. தொய்வு அதிகமாக இருந்தால், இரண்டு பக்கமும் ஏறுமாறாக இருந்தால், அன்றைக்குச் சாப்பாடு தரையில்தான். இந்தச் சில நொடிகளைக் கவனித்துக் கேட்டவருக்கு அப்புறம் பயணம் முழுக்க இன்ஜின் வெறும் இரைச்சலாகக் கேட்காது.

மேலெழும்போதும் இறங்கும்போதும் பேசாதீர்கள். நடுவில், வேறு விமானம் கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள். அது தொந்தரவு இல்லை, உதவி.

கரைக்கும் தீவுக்கும் நடுவே சுமார் 20 மைல் கடல். இவ்வளவு குட்டிப் பயணத்துக்கு எதற்கு இத்தனை உயரம் ஏறுகிறார் என்று தோன்றும். காரணம் இதுதான்: இன்ஜின் நின்றுபோனால் இந்த விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே மிதந்து போகும். 6,500 அடி உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 11 மைல். அதாவது, காற்று எதிர்த்து அடிக்காதவரை, கடலின் நட்டநடுவில் நின்றாலும் ஏதாவது ஒரு கரையை எட்டிவிடலாம். நல்ல பைலட் கரையோரமாகவே உயரத்தைச் சேர்த்துக்கொண்டு, அப்புறம்தான் கடலைத் தாண்டத் தொடங்குவார். உயிர்காப்பு அங்கியும் வைத்திருப்பார். "இப்போ நின்னா எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும்.

இனி இறங்கும் இடம். எனக்கு இந்தப் பயணத்தின் உயிரே இதுதான். தீவின் விமான நிலையம் கடலோரத்தில் இல்லை, 1,602 அடி உயரத்தில் மலை மேல் இருக்கிறது. சூயிங் கம் வியாபாரத்தில் பணம் சேர்த்த ரிக்லி குடும்பம் 1919-ல் தீவின் உரிமையைப் பெற்றது. பின்னாளில் இரண்டு மலைமுகடுகளை வெட்டி, இடைப்பள்ளத்தை அந்த மண்ணாலேயே நிரப்பி ஓடுதளம் போட்டார்கள். நீளம் சுமார் 3,000 அடி. 2019-ல் அமெரிக்க மரைன் படையினரும் கடற்படைப் பொறியாளர்களும் வந்து கான்கிரீட் போட்டுக் கொடுத்தார்கள்.

ஓடுதளம் தொடங்கும் இடத்தில் செங்குத்தான சரிவு. அங்கிருந்து தளம் மேல்நோக்கி ஏறுகிறது. ஏறுமுகமான தளத்தைப் பார்க்கும் கண், 'நாம் அதிக உயரத்தில் இருக்கிறோம்' என்று பொய் சொல்லும். அதை நம்பி இறங்கினால் தாழ்ந்துபோவோம். அந்த நேரம் பார்த்துச் சரிவில் வழியும் காற்று இன்னும் கீழே அமுக்கும். பழகியவர் கண்ணை நம்பாமல், உயரத்தைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டே வருவார். தரை தொட்ட பிறகும் ஒரு ஏமாற்று பாக்கி இருக்கிறது. மேட்டுக்கு அப்பால் உள்ள பகுதி தெரியாததால், தளம் அங்கேயே முடிந்து மலையிலிருந்து விழப்போவதாகத் தோன்றும். முடியவில்லை, மேட்டைத் தாண்டினால் இன்னும் மிச்சம் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. எதிர்முனையில் நிற்கும் விமானமும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொருவரும் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே வருகிறார்கள்.

நிலையத்திலேயே டிசி-3 கிரில் என்ற உணவகம் இருக்கிறது. பைசன் பர்கர்தான் பேர்பெற்றது. 1924-ல் ஒரு சினிமாப் படப்பிடிப்புக்காக 14 பைசன்களைத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியே விட்டுவிட்டுப் போனதில் மந்தை பெருகிவிட்டது. ருசியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல மாட்டேன், நல்ல பர்கர், அவ்வளவுதான். வெளியே விமானங்கள் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். கொஞ்ச நேரம் முன்பு நீங்கள் பட்டதை இப்போது அடுத்தவர் படுவார். யார் உயரத்தைச் சேர்த்து வைத்து வருகிறார், யார் கடைசியில் இன்ஜினைக் கூட்டிச் சமாளிக்கிறார் என்று சத்தத்திலேயே பிடிபடும்.

பில் வரும்போது ஒரு விஷயம். அமெரிக்கச் சட்டப்படி தனியார் லைசென்ஸ் வைத்திருப்பவர் உங்களிடம் கூலி வாங்க முடியாது. வாடகை, எரிபொருள், நிலையக் கட்டணம் இவற்றைப் பங்குபோடலாம். தன் பங்கை அவர் கொடுத்தே ஆக வேண்டும். முழுச் செலவையும் நான் ஏற்கிறேன் என்று அடம்பிடித்து அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

மே, ஜூன் மாதங்களில் இந்தக் கடற்கரை காலையில் தாழ்ந்த மேகத்தால் மூடிக்கிடக்கும். நடுப்பகலில் விலகி, மாலையில் மறுபடி வரும். எனவே சாப்பாட்டுக்கு நடுவிலும் அவர் போனை எடுத்து வானிலை பார்ப்பார். "கிளம்பலாம்" என்றால் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்திருங்கள். "இன்னைக்கு வேண்டாம்" என்றால் முகம் சுளிக்காதீர்கள். விமானம் மலை மேலேயே கிடக்கட்டும். கீழே அவலான் ஊரிலிருந்து லாங் பீச்சுக்குப் படகில் ஒரு மணி நேரம்தான்.