மகுடம் கண்டவரும் சுரங்கம் கண்டவரும்

எண்ணூர் இளைஞனுக்கு இங்கிலாந்து எட்டாத நாடன்று. லேலண்டு, லேலண்டு என்று நாள்தோறும் அவன் சொல்கிறானே, அது லங்காஷயரிலுள்ள ஓர் ஊரின் பெயர். எண்ணூரில் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அப்பெயரையும் தன்னோடு இணைத்துக் கொண்டது. திருவொற்றியூரில் உருவான புல்லட் வண்டியின்மேல் மின்னும் என்பீல்டு, இலண்டனுக்கு வடக்கே துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். ஆக, பிரிட்டனின் பட்டறை இவனுக்குத் தெரியும். அதன் இரும்பும் எண்ணெயும் இவன் கையில் ஒட்டியவை.

ஆனால், நம் பயண நூல்களைப் புரட்டினால் வேறோர் இங்கிலாந்து வந்து நிற்கிறது! பனிமூட்டம், மாலைத் தேநீர், அரண்மனை வாயிலில் காவலர் மாறும் காட்சி, பிக் பென் மணி, ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு. சென்றவர் மாறுகிறார், ஆண்டு மாறுகிறது. பட்டியல் மட்டும் மாறுவதில்லை. புறப்படுமுன்பே எழுதி முடித்த நூல்களோ என ஐயுறுகிறேன்.

பட்டியலின் தலையில் எப்போதும் மகுடம். 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லசுக்கு முடிசூட்டினார்கள். எருசலேமில் புனிதமாக்கிய எண்ணெயைக் கொண்டு, திரையிட்டு மறைத்து, தலைமைப் பேராயர் மன்னரின் தலையிலும் மார்பிலும் கைகளிலும் பூசினார். பிரபுக்கள் சபையிலோ, மக்கள் வாக்களியாத ஆயர்கள் 26 பேருக்கு இடம் உண்டு. உள்ளூரில் அபிஷேகத்தைக் கண்டால் முகஞ்சுளிக்கும் படித்த தமிழர், இதைக் கண்டு "எத்துணை மரபுப் பற்று!" என்று மெய்சிலிர்க்கிறார். இங்கே பாலூற்றினால் மூடநம்பிக்கை, அங்கே எண்ணெய் பூசினால் பண்பாடு! கடல் தாண்டும் பகுத்தறிவுக்குக் கடவுச்சீட்டு கிடைப்பதில்லை போலும்.

பழி முழுவதையும் எல்லோர் மேலும் சுமத்துவது நேர்மையாகாது. 1940இல் 'உலகம் சுற்றும் தமிழ'னைத் தந்த ஏ.கே. செட்டியார் தனித்து நிற்பவர். அவரது நடை எளிது, சொல் சிக்கனம். தம்மை முன்னிறுத்தித் தம்பட்டம் அடிக்காதவர். அரசரை விட வழிப்போக்கனிடம் அவருக்கு ஈடுபாடு மிகுதி. பண்டித நடையில் பயணம் எழுதியோர்க்கு அவர் பாடம். எனினும், கண்டதைச் சொல்பவர், கண்டதன் காரணத்தைக் கேட்பதில்லை. நல்ல விருந்தினர் அவர். வீட்டுக்காரரை வருந்தச் செய்யும் கேள்வி எதையும் எழுப்பாமல் விடைபெற்று விடுகிறார்.

அந்தக் கேள்வியை எழுப்பியவர் ஈரோட்டிலிருந்து சென்றார். 1931 டிசம்பர் 13 அன்று சென்னையில் கப்பலேறிய பெரியாருக்கு வயது 52. இளைஞரல்லர், ஆனால் அவரிடம் இருந்த கண்கள் இளைஞனின் கண்கள். எஸ். இராமநாதன் உடன் சென்றார். எகிப்து, துருக்கி, சோவியத் நாடு, ஜெர்மனி என நீண்ட அப்பயணத்தில், 1931இல்தான் மன்னனை வழியனுப்பிவிட்டுக் குடியரசான ஸ்பெயினும் இருந்தது, மன்னனை மடியில் வைத்துத் தாலாட்டும் இங்கிலாந்தும் இருந்தது. 1932 ஜூனில் யார்க்‌ஷயர் நிலக்கரி வட்டாரத்தில், மெக்ஸ்பரோவில், தொழிலாளர் கூட்ட மேடை ஏறினார். தொழிற்கட்சித் தலைவர்களுள் ஒருவரான லான்ஸ்பரி அங்கிருந்தார். 1929 முதல் 1931 வரை ஆட்சியிலிருந்த அக்கட்சி இந்தியத் தொழிலாளிக்கு என்ன செய்தது என்று, அவர் முன்னிலையிலேயே சாடினார் பெரியார். விருந்தோம்பலுக்கு நன்றி கூறும் வழக்கமான உரையை எதிர்பார்த்தவர்கள் திகைத்திருக்க வேண்டும்!

ஆயினும், இலக்கியம் என்று வரும்போது எனக்கொரு குறை உண்டு. அவர் விட்டுச் சென்றது நாட்குறிப்பு. சுருக்கமான, தந்தி போன்ற வரிகள். சுரங்கத் தொழிலாளியின் முகம், அவன் மனைவி வேலையில்லாக் காலத்தில் உலை வைத்த விதம், மேடையிலிருந்து இறங்கியபின் நடந்த பேச்சு ஆகியவற்றை எழுதியிருந்தால், தமிழில் ஒப்பற்ற பயண நூல் பிறந்திருக்கும். தலைவரைக் குறை சொல்வதா எனச் சீறும் தோழர் சற்றே பொறுக்க. குறை காண அஞ்சுவது அவர் கற்பித்த பாடமன்று.

பிரிட்டனின் மரபு என்பது மகுடம் மட்டுந்தானா? நாத்திகர் சார்லஸ் பிராட்லா, 1880இல் நார்த்தாம்ப்டன் மக்களால் தேர்ந்தெடுக்கப் பெற்றும், கடவுள் பெயரால் உறுதிமொழி எடுக்கும் சிக்கலில் நாடாளுமன்றம் அவரை வெளியே நிறுத்தியது. அவர்கள் வெளியேற்ற வெளியேற்ற, ஊரார் மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினர். 1886இல்தான் இருக்கை கிடைத்தது. 1888இல் சட்டமே மாறியது. இந்த இங்கிலாந்தைக் கப்பலேறாமலே கண்டுகொண்டவர்கள் சென்னையில் இருந்தனர்! 1882இல் 'தத்துவவிவேசினி' இதழைத் தொடங்கிய சுயசிந்தனையாளர்கள் அவர்கள். பிராட்லாவின் கருத்துகளைத் தமிழில் கொணர்ந்து சாதியையும் சடங்கையும் தாக்கினர். அரண்மனை வாயிலில் நின்று படமெடுத்தவரைவிட அவர்களே பிரிட்டனை நன்கறிந்தவர்கள் என்பேன்.

இன்று நம் வடசென்னைப் பிள்ளைகளும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கிறார்கள், எழுதவும் எழுதுவார்கள். நார்த்தாம்ப்டனில் பிராட்லாவுக்குச் சிலை இருக்கிறது. அதன்முன் நின்று ஒரு பக்கம் எழுதிய தமிழ்ப் பயண நூல் எதுவும் இதுவரை என் கைக்கு வரவில்லை.