377ஏ பிரிவின் நீக்கமும் 156ஆம் உறுப்பும்: திருமணம் தேர்தல் களத்திற்கு மாற்றப்பட்டமை பற்றிய ஒரு திறனாய்வு

2022 நவம்பர் 29ஆம் நாள் சிங்கப்பூர் நாடாளுமன்றம் இரு மசோதாக்களை நிறைவேற்றியது. ஒன்று, ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவை நீக்கியது. மற்றது, அரசியலமைப்புச் சட்டத்தில் 156ஆம் உறுப்பைச் சேர்த்தது. முன்னதை 93 பேர் ஆதரித்தனர், மூவர் எதிர்த்தனர். பின்னதை 85 பேர் ஆதரித்தனர்; இருவர் எதிர்த்தனர்; இருவர் வாக்களிப்பில் கலந்துகொள்ளாது விலகி நின்றனர். பொதுப்பேச்சில் நீக்கமே பெரிதாகப் பேசப்பட்டது. ஆயின், நெடுங்கால விளைவை உடையது இரண்டாவது மசோதாவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

377ஏ, 1938இல் குடியேற்ற ஆட்சி இயற்றிய விதி. 2007ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத் திருத்தத்தின்போது அதனை நீக்கக் கோரி நாடாளுமன்றத்தில் மனு அளிக்கப்பட்டது. பிரிவு ஏட்டில் இருக்கட்டும், முனைந்து செயற்படுத்த வேண்டா என்பதே அன்றைய அரசின் நிலைப்பாடு. 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்பிரிவைச் செயற்படுத்த இயலாது என்று கூறியது. பின்னொரு வழக்கில் சமத்துவம் பற்றிய 12ஆம் உறுப்பின்கீழ் அப்பிரிவு செல்லாததாகிவிட்டால், அதே வாதம் திருமணச் சட்டத்தையும் அசைக்கக்கூடும் என்பதே அன்றைய சட்ட அமைச்சர் கா. சண்முகம் முன்வைத்த கவலை.

இங்கே 156ஆம் உறுப்பின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்டது என்று அஃது அரசியலமைப்பில் எழுதிவைக்கவில்லை. திருமணத்தை வரையறுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கு உண்டு என்கின்றது; ஆண்-பெண் வரையறையின்மேல் அமைந்த சட்டங்களை அடிப்படை உரிமைகளைக் காட்டி நீதிமன்றத்தில் வீழ்த்த முடியாதவாறு காக்கின்றது. வரையறையோ மாதர் சாசனத்தில் முன்பிருந்தவாறே உள்ளது. பின்னொரு நாடாளுமன்றம் விரும்பினால் சாதாரணப் பெரும்பான்மையால் அதனை மாற்றலாம். சுருங்கக்கூறின், நீதிமன்றக் கதவு அடைபட்டது. வாக்குப்பெட்டியின் கதவு மட்டும் திறந்திருக்கின்றது.

இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. இந்நாட்டில் திருமணமும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 'வீட்டுக்கு விண்ணப்பிப்போமா' என்று கேட்பதே திருமணப் பேச்சாகிவிடும் ஊர் இது. தேக்காச் சந்தைக்கு மேலே உயர்ந்து நிற்கும் வீவக அடுக்கங்களைப் போன்ற ஒன்றில் குடியேற விரும்பும் ஆணும் பெண்ணும் இருபத்தொரு வயதிலேயே இணையராக விண்ணப்பிக்கலாம். ஆண்கள் இருவரோ பெண்கள் இருவரோ ஆயின், மணமாகாதவர்கள் என்ற பெயரில் முப்பத்தைந்து வயதுவரை காத்திருத்தல் வேண்டும்.

தமிழில் இவ்விவாதத்தைத் தொடர்வோர் இன்னோர் இடர்ப்பாட்டையும் எதிர்கொள்கின்றனர். 'ஓரினச்சேர்க்கை' என்னும் வழக்குச்சொல் ஒரு செயலைக் குறிப்பது, உறவைக் குறிப்பதன்று. 377ஏ ஒரு செயலைத் தண்டித்தது. அதற்கு அச்சொல் பொருந்தும். 156 பேசுவதோ பிணைப்பைப் பற்றி. 'ஓரினச்சேர்க்கைத் திருமணம்' என்று எழுதுங்கால் திருமணம் பற்றிய வினா மீண்டும் படுக்கையறை வினாவாகச் சுருங்கிவிடுகின்றது. 'தன்பாலீர்ப்பு', 'தன்பால் திருமணம்' ஆகியன இவ்வகையில் செப்பமானவை.

நீதிபதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். சமூகத்தைப் பிளக்கக்கூடிய வினாவை அவர்கள் தீர்க்கலாகாது என்னும் அரசின் வாதத்தில் வலுவுண்டு. ஆயின் எண்ணிக்கையால் வெல்ல இயலாதவர்க்காகவே அடிப்படை உரிமைகள் எழுதப்படுகின்றன என்பதை அவ்வாதம் எளிதில் கடந்துசெல்கின்றது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபர் 17 அன்று தன்பால் திருமணத்தை ஏற்க மறுத்து, அதனைச் சட்டமன்றத்தின் பொறுப்பென்றது. எனினும் அங்கு நீதிமன்றம் தானே ஒதுங்கிக்கொண்டது, இங்கு ஒதுக்கப்பட்டது. ஒதுங்கியவர் மீண்டும் வரக்கூடும்.

அவ்வாறாயின், வினாவைப் பெற்றுக்கொண்ட தேர்தல் களம் அதனை எவ்வாறு கையாள்கின்றது? 2011 பொதுத்தேர்தலில் ஹாலந்து-புக்கிட் தீமா குழுத்தொகுதியில் விவியன் பாலகிருஷ்ணன் அணி, எதிரணி வேட்பாளர் வின்சென்ட் விஜேசிங்க தோன்றிய காணொளி ஒன்றைக் காட்டி, அவர் தன்பாலீர்ப்பாளர் நலனை முன்னெடுப்பாரா என வினவியது. சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியோ அத்தகைய நோக்கம் தனக்கில்லை என்றது. ஆளுங்கட்சிக்கு அது குற்றச்சாட்டு. எதிர்க்கட்சிக்கு மறுக்கவேண்டிய ஒன்று. உரிமை என்று எவரும் வாதிடவில்லை.

2022 விவாதத்திலும் இத்தயக்கம் புலப்பட்டது. பாட்டாளிக் கட்சி தன் உறுப்பினர்களைக் கொறடாக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. அக்கட்சியின் ஜெரால்டு கியாம், டென்னிஸ் டான் இருவரும் நீக்கத்தை எதிர்த்தனர். சில்வியா லிம், ஹெ டிங் ரு இருவரும் திருத்தத்தில் விலகி நின்றனர். சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி பொதுவாக்கெடுப்பைக் கோரித் திருத்தத்தை எதிர்த்தது. உள்ளுக்குள் இவ்வாறு பிளவுபட்ட கட்சி எதுவும் இவ்வினாவைத் தேர்தல் அறிக்கையில் ஏற்றத் துணியாது. அரசியலின் பொறுப்பில் விடப்பட்ட வினாவைத் தொடாதிருப்பதே அரசியலுக்கு ஆதாயம்.

அடுத்த பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சி வென்றால் தம் தலைமையின்கீழ் திருமண வரையறை மாறாது என்று லாரன்ஸ் வோங் 2022 ஆகஸ்டில் கூறியிருந்தார். 2025 மே 3இல் அக்கட்சி 97 இடங்களில் 87ஐ வென்றது. அவர் வைத்த நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆகவே இந்நாடாளுமன்றத்தின் காலம் முடியும்வரை அவ்வினாவுக்கு விடை கூறப்பட்டாயிற்று.