சிவப்பும் நீலமும்

ஜேடர்பாளையத்து ஆலைக்கொட்டாய்களில் மணிக்கணக்காக நின்று வெல்லம் காய்ச்சும் கால்களில், முழங்காலுக்குக் கீழே பச்சையாய்ப் புடைத்த நரம்புச் சுருட்டலைக் கண்டிருப்பீர்கள். அதற்குள் ரத்தம் போகும் போக்கை, தோலில் ஒரு கீறலுமின்றிக் காட்டுகிறது டாப்ளர் ஸ்கேன். வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. அதன் நயத்தை நிதானமாகப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் குளுகுளுவென்று ஜெல். கருவிக்கும் தோலுக்கும் நடுவே துளிக் காற்று இருந்தாலும் கருவி அனுப்பும் ஒலி மறிபடும் என்பதால் இந்தப் பூச்சு. பிறகு கருவி பிடித்த கையைக் கவனியுங்கள். ரத்தக்குழாய்க்கு நேர்செங்குத்தாகப் பிடித்தால் ஓட்டம் தெரியாது. சற்றே சாய்க்க வேண்டும். அந்த மென்மையான சாய்விலேதான் கைத்தேர்ச்சி முழுவதும் இருக்கிறது.

சாம்பல் திரையில் சட்டென்று நிறம் பூக்கிறது. கருவியை நோக்கி வரும் ரத்தம் வழக்கமாகச் சிவப்பு, விலகிப் போவது நீலம். நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று பதற வேண்டாம். இரண்டும் திசையின் நிறங்களே. தொடை மடிப்புக்குக் கீழே தமனி இரண்டாகும் இடம் பேரழகு: நம்மூர்ப் படுகை அணையருகே காவிரியிலிருந்து ராஜா வாய்க்கால் பிரிவதைப் போன்ற தெளிவு.

காதையும் கொடுங்கள். அனுப்பிய ஒலி நம் செவிக்கு எட்டாதது. ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறுகிறது. அந்தச் சிறு வித்தியாசமோ நாம் கேட்கும் எல்லைக்குள் இனிதாக வந்து விழுகிறது! 1842-இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் இந்த விதியைச் சொன்னபோது, அவர் எண்ணியது இரட்டை விண்மீன்களின் நிறத்தை. விண்மீனுக்கென்று பிறந்த கணக்கு, கரும்புக் காட்டு உழவரின் கெண்டைக்காலுக்கு உதவுகிறது.

ஓய்வில் இருக்கும் கால் தமனியின் ஓட்டம் திரையில் வரையும் அலைக்கோடு எனக்கு மிகப் பிரியமானது. ஓங்கி ஒரு முன்னெழுச்சி, நொடிப்பொழுது பின்வாங்கல், மறுபடி மெல்லிய முன்னசைவு. ஆரோக்கியத்தின் கையெழுத்து அது. சிரையின் ஓட்டமோ மூச்சோடு ஏறி இறங்கும்.

சுருட்டலுக்கு உங்களை நிற்க வைத்தே பார்ப்பார்கள். கெண்டைக்காலை அமுக்கி விடுவார்கள். ரத்தம் மேலே பாயும். விட்டதும், அது திரும்பி வழியாதபடி சிரைக்குள் இருக்கும் வால்வு மூட வேண்டும். தோலடிச் சிரையில் அரை நொடிக்கு மேல் பின்னோக்கி வழிந்தால் வால்வு பழுது.

கால் ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்லை. வயிற்று ரத்தக்குழாய்க்கென்றால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். தளர்ந்த உடை போதும். திரையைச் சற்று உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிக் கேளுங்கள்.