இறையிலி நிலமும் இறை செலுத்துவோரும்: செடெனாக்கை முன்வைத்து ஒரு நோக்கு

வரி பற்றிய தமிழரின் அறச்சிந்தனையை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் புறநானூற்றின் 184 ஆம் பாடலிலிருந்தே தொடங்குவர். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அச்செவியறிவுறூஉ நாம் நன்கறிந்ததே. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலுள் புகுந்துவிட்டாலோ அது தின்பதைவிட அதன் காலடியில் அழிவதே மிகுதியாகும். 2019 சூலை 5 அன்று இந்திய நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தம் வரவுசெலவுத் திட்ட உரையில் இப்பாடலை எடுத்தாண்டார். தமிழ் மேடைகளில் அதற்கு முன்பே அது பலமுறை எடுத்தாளப்பட்டிருந்தது.

இப்பாடலின் சிறப்பு குறித்து ஐயமில்லை. எனினும், அது கேட்காத வினா ஒன்றுண்டு. எவ்வளவு கொள்வது, எம்முறையில் கொள்வது என்பவற்றை மன்னனுக்கு உணர்த்தும் புலவர், எவரிடமிருந்து எவ்வளவு கொள்வது என்பதைப் பற்றிப் பேசவில்லை. பாடலில் யானையும் வயலும் மட்டுமே உள்ளன. வயலின் உடையவன் ஒருவன், அதில் உழைப்பவன் வேறொருவன் என்ற வேறுபாடு அங்குத் தோன்றவில்லை. நம் உரைமரபும் ஆய்வுமரபும் இந்த இடைவெளியை நிரப்ப முயன்றதாகத் தெரியவில்லை. இதன் விளைவாக, ‘கொடுங்கோல் மன்னன்’ என்னும் சொல் நம்மிடம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தன் பங்கைச் செலுத்தாத செல்வனைக் குறிக்க அத்துணை வலிமையுடைய சொல் நம்மிடம் இல்லை. செல்வர் தமக்குரிய வரியைச் செலுத்துகின்றனரா என்னும் இன்றைய உலகளாவிய விவாதத்தில் தமிழில் எழுதுவோர் அரசைச் சாடுவதோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இலக்கியம் கூறாததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. உக்கலில் கிடைத்த முதலாம் இராசராசனின் 24 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இவ்வகையில் முதன்மையானது. சோழ மண்டலத்திலும் தொண்டை மண்டலத்திலும் பாண்டி நாட்டிலும் பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோரது ஊர்களில் காணி உடையவராய் இருந்தும், ஊராரோடு சேர்ந்து செலுத்த வேண்டிய இறையை இரண்டு ஆண்டுகள் நிறையச் செலுத்தாது விட்டோரின் நிலங்களை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்பது அரசாணை. ஈண்டு நோக்கத்தக்கது யாதெனில், நிலுவை வைத்தவர் ஏழைக் குடியானவர் அல்லர். ஊர்ச்சபையில் இடம்பெறத்தக்க தகுதியுடைய காணியாளர். அவர் செலுத்தாத பங்கு ஊரின் மீது சுமையாக விழுந்தது என்பதும் ஆணையின் போக்கால் விளங்குகிறது. ‘எவரிடமிருந்து’ என்னும் வினா பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது; அது பாட்டில் இடம்பெறவில்லை, அவ்வளவே.

‘இறையிலி’ என்னும் சொல்லையும் சிறிது ஊன்றிப் பார்த்தல் வேண்டும். தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் எனப் பெயர் வேறுபடினும் இவ்வறக்கொடைகள் பலவற்றுக்கும் பொதுவாயிருந்தது வரிநீக்கம். ஆயினும் ‘இறையிலி’ என்றதும் அந்நிலத்தில் எவரும் எதையும் செலுத்தவில்லை என்று கொள்வது பிழை. பெரும்பாலான கொடைகளில் உழுகுடி கொடுத்த நெல் நின்றுவிடவில்லை. அரசனுக்குச் சென்றது கோயிலுக்கோ விகாரத்திற்கோ திரும்பியது. சோழர் வருவாய் முறை குறித்து பி. சண்முகம் 1987 இல் வெளியிட்ட நூலைப் பயின்றோர்க்கு இது புதிதன்று. வரிநீக்கம் என்பது உழைப்போனின் விடுதலை அன்று, பெறுவோனின் மாற்றம்.

மலேசியத் தமிழர்க்கு இவ்வகையில் நெருக்கமான சான்று ஆனைமங்கலம். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு இராசராசனின் 21 ஆம் ஆட்சியாண்டில் அவ்வூர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதைப் பெரிய லெய்டன் செப்பேடுகள் விரித்துரைக்கின்றன. ஏறத்தாழ 97 வேலி நிலம். ஆண்டுக்கு 8,900 கலத்திற்கு மேற்பட்ட நெல் வருவாய். எல்லையைப் பிடியானையை நடத்திச் சூழ்வித்து வரையறுத்தனர். (பிசிராந்தையாரின் யானை வயலை அழிக்க, இந்த யானை வயலுக்கு எல்லை வகுக்கிறது.) பின்னர் 1090 இல் கடாரத்து அரசனின் தூதுவர் வேண்டியதற்கிணங்க, முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரத்து ஊர்களுக்குச் சில வரிகளை மேலும் நீக்கினான். இத்தீபகற்பத்தோடு தொடர்புடைய ஓர் அரசு, தமிழ்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வரிச்சலுகை பெற்ற வரலாறு இது. இன்று சலுகை அளிக்கும் இடமாக இத்தீபகற்பம் மாறியுள்ளது.

செடெனாக் ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில், வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. அது செம்பனைத் தோட்டத்தாலும் எண்ணெய் ஆலையாலும் அறியப்பட்ட ஊர். இன்று அங்குச் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா 700 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் தரவு மையங்களுக்காகவே உருவாக்கப்பட்டுள்ளது; பிரின்ஸ்டன் டிஜிட்டல் குழுமத்தின் 150 மெகாவாட் வளாகம் 2024 இல் இயங்கத் தொடங்கியது. அதனைச் சூழ்ந்து 7,290 ஏக்கர் பரப்பில் இப்ராகிம் டெக்னோபோலிஸ் என்னும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. 2025 சனவரி 7 அன்று கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் ஒன்பது முதன்மைப் பகுதிகளுள் செடெனாக்கும் ஒன்று.

இங்குச் ‘செல்வர்’ யார் என்று கேட்பின் விடை எளிதன்று. கூலிம் (மலேசியா) பெர்ஹாட்டின் தோட்டம் ஆகட்டும், தொழில்நுட்பப் பூங்கா ஆகட்டும், இரண்டின் பின்னும் நிற்பது 1968 இல் மாநில அரசு நிறுவிய ஜொகூர்க் கழகமே. சுரண்டும் துரை ஒருவரைத் தேடிச் செல்லும் ஆய்வாளர் இங்கு ஏமாற்றமே அடைவார். நிலம் பொதுத்துறையுடையது, அதன் மேல் எழும் கட்டடமும் கணினியும் பன்னாட்டு மூலதனத்துக்குரியவை. ஆதலின் சலுகை எவரைச் சென்றடைகிறது என்பதைச் சட்டத்தின் வழியே பின்தொடர்தல் வேண்டும்.

ஒரே மண்ணில் இருவேறு பயிர்கள் எவ்வாறு வரிக்குட்படுகின்றன என்பதை முதலில் காண்போம். 40.47 ஹெக்டருக்கு மேற்பட்ட செம்பனை நிலமுடையோர், கச்சா எண்ணெய் விலை வரம்பைத் தாண்டும்போது மிகையிலாபத் தீர்வை செலுத்த வேண்டும். 2025 முதல் தீபகற்பத்திற்கு அவ்வரம்பு டன்னுக்கு 3,150 ரிங்கிட், தீர்வை 3 விழுக்காடு. ஏற்றுமதித் தீர்வை வேறு. அயல்நாட்டுத் தொழிலாளர் ஒருவருக்குத் தோட்டத்துறையில் ஆண்டுக்கு 640 ரிங்கிட் ஆள்தீர்வையும் உண்டு. மறுபுறம், 2022 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட மின்னியல் சூழல் ஊக்குவிப்புத் திட்டம், மின்னியல் உள்கட்டமைப்பு வழங்குநர்க்கு முதலீட்டுச் செலவின் 100 விழுக்காடு வரை பத்து ஆண்டுகளுக்கு வரிப்படியாகக் கழித்துக்கொள்ள வழிவகுத்தது. சிறப்பு மண்டலத்தில் செயற்கை நுண்ணறிவு, வானூர்தித் தயாரிப்பு போன்ற தேர்ந்த துறைகளின் புதிய முதலீட்டிற்கு 15 ஆண்டுகள் வரை 5 விழுக்காட்டு நிறும வரி மட்டுமே. நாட்டின் பொது நிறும வரி 24 விழுக்காடு. பல நூறு பேருக்கு வேலை தந்த பயிருக்குத் தலைக்குத் தீர்வை. சிலருக்கே நிலையான வேலை தரும் புதுப் பயிருக்கு வரிப்படி. சலுகையை ஆதரிப்போர் இம்முரண்பாட்டிற்கு விடையளித்ததாக யான் அறியேன்.

அவர்தம் வாதத்தையும் ஒதுக்கிவிடலாகாது. சிங்கப்பூரின் நிறும வரி 17 விழுக்காடு. அப்பால் பாத்தாம் தீவு உள்ளது. சலுகையின்றி மூலதனம் வாராது என்பர். மேலும் 75 கோடி யூரோவுக்கு மேற்பட்ட வருவாயுடைய பன்னாட்டுக் குழுமங்கள் குறைந்தது 15 விழுக்காடு செலுத்தியாக வேண்டும் என்னும் உலகளாவிய ஏற்பாட்டை மலேசியா 2025 சனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. எனவே மிகப்பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை 5 விழுக்காடு என்பது முழு உண்மை அன்று. மீதி, மேல்நிரப்பு வரியாக இங்கேயே பெறப்படும். இது வரவேற்கத்தக்கதே. ஆயின், சலுகையால் ஈர்க்கப்படுவதாகக் கூறப்படும் பெருங்குழுமங்களே அச்சலுகையை முழுமையாகத் துய்க்க இயலாதெனில், சலுகையின் தேவை யாது என்னும் வினா வலுக்கிறதேயன்றிக் குறையவில்லை.

தனிமனிதர்க்கான சலுகைதான் இன்னும் வெளிப்படையானது. மண்டலத்தில் பணிபுரியும் தகுதிபெற்ற அறிவுசார் பணியாளர்க்குப் பத்தாண்டுகளுக்கு 15 விழுக்காட்டு நேர்விகித வருமான வரி. கேட்பதற்கு அனைவர்க்கும் பொதுவானதுபோல் தோன்றும். வழக்கமான படிநிலை விகிதத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால் உண்மை விளங்கும். வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 156,000 ரிங்கிட்டாக இருக்கும்போது இரு முறைகளிலும் வரி ஒன்றே, 23,400 ரிங்கிட். அதற்குக் கீழுள்ளோர்க்கு நேர்விகிதத்தால் பயனேதுமில்லை. 600,000 ரிங்கிட் உடையவர்க்கு 46,400 ரிங்கிட் மிச்சம். பத்து இலட்சம் உடையவர்க்கு 98,400 ரிங்கிட் மிச்சம். வருமானம் உயர உயர விரியும் சலுகை இது. அதே வளாகத்தின் காவலாளிக்கு 2025 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியமான மாதம் 1,700 ரிங்கிட் கிட்டுமாயின், அவர் ஆண்டு முழுதும் ஈட்டுவது 20,400. பத்து இலட்சக்காரர் பெறும் வரிமிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியது. அவர் வருமான வரி கட்டுவதில்லை என்பது மெய்யே. எனினும் 2024 மார்ச்சில் 8 விழுக்காடாக உயர்த்தப்பட்ட சேவை வரியும் விற்பனை வரியும் அவர் வாங்கும் பொருளிலும் சேவையிலும் கலந்தே வருகின்றன. ‘பெரும்பாலோர் வரியே கட்டுவதில்லை’ என்னும் கூற்று வருமான வரியை மட்டும் வரியெனக் கொள்வதால் எழும் மயக்கம்.

இம்மயக்கத்திற்கு இந்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்து வந்தது. ஜொகூரிலும் அபினி, சாராயக் குத்தகைகளே கருவூலத்தின் முதுகெலும்பு. அதாவது, உழைத்துக் களைத்த கூலியின் நுகர்வே அரசை நடத்தியது. நேரடி வருமான வரிக்கான முயற்சி 1910 அளவில் வணிகரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. முதல் உலகப்போரை ஒட்டி வந்த போர்வரியும் நிலைக்கவில்லை. 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1948 முதற்கொண்டுதான் மலாயாவில் வருமான வரி நிலைபெற்றது. அதுவும் வணிகச் சங்கங்களின் எதிர்ப்பை மீறியே. இலண்டனில் பதிவுபெற்ற இரப்பர் நிறுவனங்கள் ஏற்றுமதித் தீர்வை செலுத்தின என்பதையும், 1907 இல் தோன்றிய தமிழர் குடியேற்ற நிதிக்குப் பங்களித்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயின் தம் இலாபத்தின் மீதான வருமான வரியை அவை அதுவரை செலுத்தியது பிரிட்டனுக்கே.

இப்பின்னணியில் நம் தோட்டப்புற இலக்கியத்தை மீள வாசிப்பது பயன்தரும். மலேசியத் தமிழ்ப் புனைகதையில் கள்ளுக்கடை மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. பெரும்பாலும் தொழிலாளியின் ஒழுக்கக் கேடாகவே தோன்றுகிறது. அது அரசின் உரிமத்தோடு நடந்த ஒரு வருவாய் நிறுவனம் என்னும் பார்வை அருகியே காணப்படுகிறது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். எழுத்தாளர் ஒழுக்கத்தைக் கண்ட இடத்தில் அத்தொழிலாளர் கட்டமைப்பைக் கண்டனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

மரபுச்செல்வம் குறித்தும் ஒரு சொல். திருக்குறளின் 756 ஆம் பாடலில் அரசனின் வருவாயாக முதலில் வைக்கப்படுவது உறுபொருள். பரிமேலழகர் அதற்குப் புதையலோடு, உரிமை கோரும் தாயத்தார் இல்லாத பொருளையும் பொருளாகக் கொள்கிறார். இறந்தோர் செல்வத்தின் மீது அரசுக்கு ஓரெல்லை வரை உரிமையுண்டு என்னும் கருத்து நம் உரைமரபுக்கு அயலானதன்று. மலேசியாவில் 1941 முதல் இருந்த மரபுரிமைத் தீர்வை 1991 நவம்பர் 1 அன்று நீக்கப்பட்டது. இந்தியா 1985 இல் நீக்கியது. பட்டியலிடப்படாத பங்குகளை நிறுவனங்கள் விற்றுப் பெறும் ஆதாயத்திற்கு 2024 இலும், 100,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட தனிமனிதப் பங்காதாயத்திற்கு 2 விழுக்காடு என 2025 இலும் மலேசியா வரி விதிக்கத் தொடங்கியது. திசை சரி; அளவு சிறிது. உலகப் பெருங்கோடீசுவரர் செலுத்தும் வரி அவர்தம் செல்வத்தில் ஏறத்தாழ 0.3 விழுக்காடே என்று கேப்ரியல் சுக்மன் 2024 இல் ஜி20 நாடுகளுக்கு அளித்த அறிக்கையோடு இதனை வைத்துப் பார்க்கலாம்.

இறுதியாகக் கல்வெட்டுக்குத் திரும்புதல் வேண்டும். சோழர்காலச் சமுதாயத்தை நீதியின் இலக்கணமாகக் காட்டுவது என் நோக்கமன்று; 1429 இல் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி அடாத வரிகளை எதிர்த்ததை விருத்தாசலம், கொறுக்கைக் கல்வெட்டுகள் காட்டும் நிலையில் அத்தகைய பெருமிதம் தமிழக வரலாற்றின் எக்காலத்திற்கும் பொருந்தாது. ஆயினும் இறையிலி அளித்த அரசன் அதை மறைக்கவில்லை. பெறுபவர் பெயர், நிலத்தின் நான்கு எல்லை, நீக்கப்பட்ட வரிகளின் பட்டியல், கையெழுத்திட்ட அதிகாரிகள் யாவும் கோயிற்சுவரிலோ செப்பேட்டிலோ பொறிக்கப்பட்டன. மலேசியாவின் 2023 ஆம் ஆண்டுப் பொதுநிதி, நிதிப்பொறுப்புச் சட்டம் வரிச்செலவின அறிக்கையைக் கட்டாயமாக்கியது பாராட்டுக்குரியது. எனினும் அவ்வறிக்கை மொத்தத் தொகையையே கூறும். நிறுவனவாரியான விவரம் வருமான வரிச் சட்டத்தின் 138 ஆம் பிரிவு காக்கும் மறைவுக்குள் உள்ளது. தனியார் தோட்ட நிலத்தில் நிற்பதால் கட்டடச் செலவுக்கு முழு அரசு நிதி பெற இயலாத பகுதி உதவித் தமிழ்ப்பள்ளியின் வாரியம், தன் கூரைக்குக் கிடைத்த ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் கணக்கு எழுதி ஒப்படைக்கிறது. செடெனாக்கில் எந்நிறுவனம், எத்தனை ஏக்கரில், எந்த வரியை, எத்தனை ஆண்டுகளுக்குச் செலுத்த வேண்டியதில்லை என்பதையும் அவ்வாறே பட்டியலிட்டு வெளியிடலாம். ஆனைமங்கலத்துக்குச் செய்யப்பட்டது அதுவே.