சினிமா இரத்தமும் உண்மை இரத்தமும்

1977-ஆம் ஆண்டு வெளிவந்த 'அமர் அக்பர் அந்தோணி' என்ற இந்திப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இயக்கியவர் மன்மோகன் தேசாய். சிறு வயதில் பிரிந்து மூன்று மதங்களில் வளர்ந்த சகோதரர் மூவர், தங்கள் தாய் என்று அறியாமலே ஒரு பெண்ணுக்கு இரத்தம் கொடுக்கிறார்கள். மூவரின் கைகளிலிருந்தும் குழாய்கள் மேலேறி ஒரு புட்டியில் சேருகின்றன. அங்கிருந்து இரத்தம் தாயின் உடலில் இறங்குகிறது. மத ஒற்றுமைக்கு உருக்கமான காட்சிதான். விஞ்ஞானத்துக்குப் பொருந்துகிறதா?

பௌதிக ஆசிரியனான என் கண்ணில் முதலில் படுவது அந்தப் புட்டி. படுத்திருப்பவரின் கைச் சிரையிலுள்ள அழுத்தம், இரத்தத்தை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் தள்ளும். திருச்சுழிப் பக்கம் கிணற்று நீர் மோட்டார் இல்லாமல் மேட்டுத் தொட்டிக்கு ஏறுவதில்லை, இரத்தமும் அப்படித்தான். இந்தப் பிழையைச் சிரித்துவிட்டு மறக்கலாம். மறக்கக் கூடாத பிழை வேறொன்று: இரத்தம் உறவை அறியும் என்று அக்காட்சி நம் மனத்தில் பதிக்கும் எண்ணம்.

கல்லூரியில் இரத்ததான முகாம் முடிந்த மறுநாள் ஒரு மாணவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "சார், அப்பாவுக்கு ஏ, அம்மாவுக்கு பி. எனக்கு மட்டும் ஓ என்று வந்திருக்கிறதே?" என்றான். அவன் கேட்காமல் விட்ட கேள்வி முகத்தில் தெரிந்தது.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இரத்தப் பிரிவுக்கான ஜீன்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு உண்டு. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. ஏ அல்லது பி ஜீனுக்குப் பின்னே ஓ ஜீன் மறைந்திருக்க முடியும். பெற்றோர் இருவரிடமும் அப்படி மறைந்திருந்தால், ஓ பிரிவில் குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதில் ஐயத்துக்கு இடமேது?

இப்போது படத்துக்குத் திரும்புவோம். தாய் ஓ, தந்தை ஏபி என்று வையுங்கள். பிள்ளைகள் பொதுவாக ஏ அல்லது பி பிரிவினராகவே இருப்பார்கள். ஒருவர்கூடத் தாய்க்கு இரத்தம் கொடுக்க முடியாது! பெற்ற பிள்ளையின் இரத்தம் உயிருக்கு ஆபத்தாகும். முன்பின் அறியாத ஓ பிரிவினரின் இரத்தம் உயிர் காக்கும். பரிசோதனைகூட முழு உண்மையைச் சொல்லாத நேரம் உண்டு. 1952-இல் டாக்டர் பெண்டேயும் உடன் ஆய்ந்தோரும் கண்டறிந்த 'பம்பாய் இரத்தப் பிரிவு' சாதாரணச் சோதனையில் ஓ போலவே தோன்றும். ஆனால் அதையுடைய தாய், தன்னிடம் மறைந்திருக்கும் ஏ அல்லது பி ஜீனைக் குழந்தைக்குத் தரக்கூடும்.

அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் எங்கள் அருப்புக்கோட்டை வட்டாரத்தில், "இருவருக்கும் ஒரே குரூப்பாமே, ஆகாதே!" என்று தயங்குவோர் உண்டு. ஒரே பிரிவாக இருப்பதால் தீங்கில்லை. நெருங்கிய உறவில் கவலைப்பட வேண்டியது, இருவரிடமும் மறைந்திருக்கக்கூடிய நோய் ஜீனைப் பற்றியே.

இரத்தப் பிரிவில் கவனிக்க வேண்டியது ஆர்.எச். காரணி. தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தின்போது குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் உடலில் கலந்து எதிர்ப்பொருள் உண்டாகலாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் அழிக்கும். சோகை, கடும் மஞ்சட்காமாலை, சில வேளை மரணம். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டால் பெரும்பாலும் இதைத் தடுக்கலாம். 1968 முதல் வழக்கிலுள்ள மருந்து இது. கருவுற்ற 28-ஆம் வாரத்திலும், கருச்சிதைவுக்குப் பின்னும் தருவதுண்டு. எதிர்ப்பொருள் உண்டான பின் இந்த ஊசி பயன்படாது.

ஆகவே, வாசகர்களே, படத்தை ரசியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு பெண் கருவுற்றால், முதல் மாதங்களிலேயே அவளுடைய இரத்தப் பிரிவையும் ஆர்.எச். காரணியையும் சோதித்துச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரத்தப் பிரிவை வைத்து ஒரு தாயைச் சந்தேகிப்போர் இருந்தால், இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.