அஞ்சறைப் பெட்டியில் சமிக்கி

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியின் மூடியைத் தூக்கும்போது ‘டிங்’ என்று ஒன்று வருமே, அது! உள்ளே ஏழு கிண்ணம். கடுகு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பாசிமணி, உளுத்தம்பருப்பு இடத்தில் சட்டை பட்டன், மிளகாய் வற்றல் இடத்தில் சிவப்புச் சமிக்கி, மஞ்சள்தூள் இடத்தில் தங்கநிற ஜிகினாத் தூள். எத்தனை தடவை தேய்த்தும் போகாத வெந்தய வாசனை வேறு. ஐம்பதை நெருங்கும் ஆள், பகலெல்லாம் ஆடிட்டர் ஆபீசில் பிறத்தியார் வரவு செலவைக் கூட்டிக் கழிக்கிறவன், ராத்திரி பதினோரு மணிக்கு இந்த மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன!

எல்லாம் ஆர்ட் ஜர்னலுக்காக. பெயர்தான் பெரிசு, விஷயம் டைரிதான். ஆனால் கோடு போட்ட டைரி இல்லை. இன்றைக்கு ஏறின பஸ்ஸின் டிக்கெட்டை ஒட்டலாம், அதன்மேல் சாயம் பூசலாம், ஓரத்தில் கண்டக்டரின் மூக்கை வரையலாம், நடுவில் ரெண்டு வரி புலம்பலாம். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1944-லிருந்து 1954-இல் சாகும்வரை இப்படி ஒரு டைரி வைத்திருந்தார். மை கொட்டின கறையைக்கூட விடமாட்டார், அதையே முகமாகவும் மிருகமாகவும் ஆக்கிவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் என் பக்கத்தில் சிந்தின டிகாக்ஷனுக்கு நானும் ரெண்டு கொம்பு வைத்தேன். எருமை! என்ன ஒரு எருமை!

அட, மெக்சிகோவரைக்கும் எதற்குப் போவானேன். எங்கள் பாட்டி, கல்கியில் 1950-லிருந்து 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, மணியம் படங்களோடு பைண்டு பண்ணி வைத்திருந்தாள். ஓரமெல்லாம் பென்சிலில் பால்கணக்கு. குந்தவையின் கொண்டைக்குப் பக்கத்தில் ‘அரைப்படி பாக்கி’. அதைவிட ஒரு ஆர்ட் ஜர்னல் இருக்குமா சொல்லுங்கள்!

ஆனால் உண்மையையும் சொல்லவேண்டும். நல்ல நோட்டு வாங்கி ஆறு மாசம் ஒரு கோடு போடவில்லை. ஆசை இல்லாமலா? பெயின்ட் ஒரு கேரிபேக்கில், பிரஷ் இன்னொன்றில், வாஷி டேப் பீரோவுக்குள், கத்தரிக்கோல் தையல் மெஷின் டிராயரில். எல்லாவற்றையும் தேடி எடுத்து முடிப்பதற்குள் வரையவந்த கை ஓய்ந்துபோகும், போய்ப் படுத்துவிடுவேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணில் எலி செத்த வாடை. ஏறினேன். எலி கிடைக்கவில்லை, கிடைத்ததோ பொக்கிஷம்! கொஞ்சம் கண்ணை மூடிக் கற்பனை பண்ணுங்கள்: தூசிக்கு நடுவே அம்மாவின் பழைய அஞ்சறைப் பெட்டி, அதன் பக்கத்தில் தாத்தா பெயர் வெட்டின நாலடுக்கு டிபன் கேரியர், பின்னால் சுவரோடு சுவராக மடித்துச் சாத்தின கொலுப்படி, ஏழு படி, வருஷத்தில் ஒன்பது ராத்திரி வேலை செய்துவிட்டு மிச்ச நாளெல்லாம் தூங்குகிற சோம்பேறிப் படி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, ஏணியில் நின்றபடியே “கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சு” என்று கத்தினேன், கீழே மனைவி எலிதான் கிடைத்தது என்று முறத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், நான் என்னவென்றால் டிபன் கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஹால் மூலையில் ஏழு படியும் விரிந்தாகிவிட்டது. மேல் படியில் நோட்டுகள். அதற்குக் கீழே டிபன் கேரியர், அடுக்குக்கு ஒரு வண்ணக் குடும்பம்: சிவப்பெல்லாம் ஒன்றில், பச்சையெல்லாம் ஒன்றில், பிடித்துத் தூக்கினால் அப்படியே மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வரையலாம்! ஹார்லிக்ஸ் பாட்டிலில் தலை மேலாக நிற்கிற பிரஷ்கள். தலைகீழாக வைத்துவிடாதீர்கள், முடி வளைந்தால் பிரஷ் போச்சு. ஈரத்தோடு நிறுத்தவும் கூடாது, தண்ணீர் இறங்கி மரப்பிடி ஊறிவிடும், படுக்கப்போட்டுக் காயவைத்துவிட்டுத்தான் பாட்டிலுக்குள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் கைக்கு எட்டுகிறது, அவ்வளவுதான் மாயம். அன்று ராத்திரியே மூன்று பக்கம்!

காகிதம் வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் காகிதம், கல்யாணப் பத்திரிகை, மறுபடி காகிதம். புதுத் தாள் வாசனை மூக்கில் ஏறுகிறது, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்காரர் பார்த்தார், “எந்த மாசம் சார் முகூர்த்தம்? பையனா, பொண்ணா?” என்றார். “எனக்குத்தான்” என்று உளறிவிட்டேன். ஒரு நிமிஷம் என் நரையைப் பார்த்துவிட்டு மரியாதையாக 300 ஜிஎஸ்எம் தாளை எடுத்துப் போட்டார். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஆபீசில் ஓடும் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று வெறும் 5 கிராம், அதில் தண்ணீர்ச் சாயம் பட்டால் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். அதே அளவில் இந்தத் தாள் கிட்டத்தட்ட 19 கிராம். அசைத்தால் ‘டப டப’ என்று தகரம் மாதிரிப் பேசுகிறது, எத்தனை தண்ணீர் விட்டாலும் ‘இன்னும் கொண்டா’ என்கிறது. செலவா? அதை அப்புறம் பேசலாம்.

நீலக் கதையைச் சொல்லாமல் விட்டால் எப்படி! அல்ட்ராமரீன் என்கிற ஆழ்ந்த நீலம் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்து எடுத்தது, ஐரோப்பாவில் ராஜாக்கள் சமாசாரம். 1820களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்தார்கள், விலை சரிந்தது, சரிந்து சரிந்து கடைசியில் வேட்டிக்குப் போடும் நீலப்பொடியாக நம் துவைக்கிற கல்லுக்கே வந்து சேர்ந்தது. இது தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? நாட்டு மருந்துக் கடையில் வேலம்பிசின் வாங்கி, ராத்திரி ஊறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, நீலப்பொடியோடு ஒரு சொட்டுத் தேன் விட்டு, அம்மாவின் மருந்துக் கல்வத்தில் அரைத்தேன் அரைத்தேன் அப்படி அரைத்தேன். வாட்டர் கலர் என்பதே சாயப்பொடியும் பிசினும்தானே! பிரஷைத் தொட்டு இழுத்தால் மார்கழி விடிகாலை வானம். கொஞ்சம் நறநறவென்று இருந்தது, கொஞ்சம் வெளுத்தும் இருந்தது. விடியற்காலை அப்படித்தானே இருக்கும்!

ஒரே ஒரு அசம்பாவிதம். சமையலறைப் பெட்டியும் என் பெட்டியும் அச்சு அசல் ஒன்று. ஒருநாள் சாம்பார் தகதகவென்று மின்னியது. “ஏங்க, மஞ்சள்தூள் என்ன பிராண்டு இது?” என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்ட அந்தத் தொனியை இன்றைக்கும் மறக்கவில்லை. சாம்பார் சாக்கடைக்குப் போயிற்று, சாக்கடைத் தண்ணீர்கூட அன்றைக்கு அழகாக இருந்தது, அதையும் வரைந்து வைத்திருக்கிறேன்.

நவராத்திரி வந்தது, படியைக் காலிசெய்யச் சொன்னாள் அம்மா. என் மொத்த ராஜ்யமும் கட்டிலுக்கு அடியில். போதாக்குறைக்குச் சரஸ்வதி பூஜையன்று என் நோட்டையும் புத்தகங்களோடு அடுக்கிவிட்டாள், அன்றைக்கு எடுக்கக்கூடாது. ஒருநாள் முழுக்கப் பல்வலிக்காரன் மாதிரி ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். விஜயதசமி காலையில் குளித்த ஈரத்தோடு எடுத்துப் பிரித்தால், புதுப் பக்கத்தின் நாலு மூலையிலும் புதுக்கணக்கு நோட்டுக்குத் தடவுகிற மாதிரி மஞ்சள் தடவி வைத்திருக்கிறாள்! சும்மா விடுவேனா, அவளுடைய வெற்றிலைப் பெட்டியிலிருந்து துளி சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து பிரஷால் ஒரு மூலையைத் தொட்டேன். மஞ்சள் என் கண்ணெதிரே குபீரென்று சிவந்தது, ரத்தச் சிவப்பு, செம்பருத்திச் சிவப்பு! “அம்மா, இங்க வந்து பாரேன்!” என்று வீடே அதிரக் கத்தினேன்.

எட்டிப் பார்த்தாள். “ஆரத்திக்கு இதைத்தானேடா இத்தனை வருஷமா கரைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு டப்பாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.