கை முறுக்கில் கை யாருடையது?

சேலத்துக்குத் தெற்கே உள்ள ஆட்டையாம்பட்டியை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது முறுக்கால்தான். அச்சில் பிழிந்ததல்ல, விரலால் சுற்றியது என்பதே அதன் பெருமை. 'கை முறுக்கு' என்ற பெயரிலேயே ஒரு கை இருக்கிறது. அந்தக் கை பெரும்பாலும் பெண்ணுடையது. ஆனால் அரிசிக்கும் எண்ணெய்க்கும் அரசு வகுக்கும் கொள்கைகளில் அந்தக் கையைத் தேடினால் கிடைப்பதில்லை.

முதலில் வேலையைப் பார்ப்போம். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மாவாக்கி, உளுந்து மாவும் எள்ளும் சீரகமும் சேர்த்துப் பிசைய வேண்டும். பதம் இளகினால் சுற்று படுத்துவிடும், இறுகினால் இழை அறுந்துவிடும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை முறுக்கிக்கொண்டே வட்டம் வட்டமாகச் சுற்ற வேண்டும். இதைச் செய்பவள் தரையில் உட்கார்ந்து, முதுகு வளைத்து, மணிக்கணக்கில் விரலைத் தேய்க்கிறாள். இதை எந்தப் பள்ளியும் கற்றுத்தருவதில்லை. அம்மாவிடமோ மாமியாரிடமோ பார்த்துக் கற்றது என்பதாலேயே இதைத் தொழில்திறன் என்று யாரும் சொல்வதில்லை. 'வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல செய்யறது' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் 'சும்மா'வில்தான் கூலி குறைகிறது.

இப்போது சந்தைக்கு வருவோம். இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. இங்கே எல்லா எண்ணெயும் விலை ஏறியது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது. காரணம் நுகர்வோர் நலன். 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கு 20 சதவீத அடிப்படை இறக்குமதி வரி விதித்தது. காரணம் எண்ணெய்வித்து விவசாயியின் நலன். 2025 மே மாதம் அதை 10 சதவீதமாகக் குறைத்தது. காரணம் மறுபடியும் நுகர்வோர்.

இந்த அறிவிப்புகளைச் சேர்த்துப் படித்தால் அவற்றில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்: விளைவிப்பவர், வாங்கித் தின்பவர். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அரிசியை முறுக்காக்கும் பெண் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால் இரண்டு பக்கத்து விலை ஏற்றமும் அவள் மீதுதான் இறங்குகிறது.

எப்படி இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணெயும் அரிசியும் ஏறினாலும் பத்து ரூபாய்ப் பொட்டலத்தைப் பதினொரு ரூபாய்க்கு விற்பது கடினம். விற்பவர் முறுக்கைச் சிறிதாக்குவார், இழையை மெலிதாக்குவார். கூலி கிலோக் கணக்கில் இருந்தால், அதே ஒரு கிலோவுக்கு அவள் இன்னும் அதிக முறுக்கு சுற்ற வேண்டும். கூலி குறைந்ததாக எந்தத் தாளிலும் பதிவாகாது. அவள் விரல்தான் கூடுதலாக உழைத்திருக்கும். அரிசி மூட்டையைப் பேரம் பேசி வாங்க முடியாது, எண்ணெய் டின்னையும் முடியாது. பேரம் பேச இடமிருப்பது அவள் கூலியில் மட்டுமே.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2020இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம், தனி நிறுவனங்களுக்குத் திட்டச் செலவில் 35 சதவீத மானியம் தருகிறது, 10 லட்சம் ரூபாய் வரை. உணவுத் தொழில் செய்யும் சுயஉதவிக் குழு உறுப்பினருக்குத் தொடக்க மூலதனமாக 40,000 ரூபாய் வரை தருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெயர் ஒட்டிய பொட்டல நொறுக்குத்தீனிக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் மானியம் நிறுவனத்துக்கு, வரிக்குறைப்பு பொட்டலத்துக்கு. இன்னொருவர் கொடுக்கும் மாவை வாங்கிச் சுற்றிக் கொடுப்பவள் நிறுவனமும் அல்ல, பொட்டலமும் அல்ல. எல்லாப் பெண்ணையும் 'தொழில்முனைவோர்' ஆக்கும் பேச்சு, அவளைத் தொழிலாளியாக ஏற்கும் கடமையிலிருந்து நழுவுகிறது.

தொழிலாளியாக ஏற்பது முடியாத காரியமா? வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணை 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிலாளி என்று ஏற்றது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி உண்டு. அந்தக் கூலி போதாது, கொடுப்பதிலும் ஏமாற்று உண்டு. ஆனாலும் கேட்பதற்கு ஓர் எண் இருக்கிறது. பீடி சுற்றும் விரலைக் கண்ட சட்டத்துக்கு முறுக்கு சுற்றும் விரல் ஏன் சமையலாகவே தெரிகிறது? பீடியை எந்தப் பெண்ணும் தன் வீட்டாருக்காகச் சுற்றுவதில்லை, முறுக்கைச் சுற்றுகிறாள். தீபாவளிக்கு அன்பாகச் செய்வது விற்பனைக்குப் போனாலும் அன்பாகவே எண்ணப்படுகிறது.

கூலியை உயர்த்தினால் கை முறுக்கு இயந்திர முறுக்கிடம் தோற்றுவிடும் என்பார்கள். சிறு கடைக்காரரின் இந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் இயந்திர முறுக்கு இருக்கும்போதே கை முறுக்கைத் தேடி வாங்குகிறார்கள் என்றால், அந்தக் கைக்குத்தான் மதிப்பு. அந்த மதிப்பில் ஒரு பங்கைக் கைக்காரியே கேட்பது எப்படித் தொழிலை அழிக்கும்?

வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சுற்றுபவர்களின் பெயர்ப் பதிவு, எடைக்கு அல்லாமல் சுற்றும் நேரத்தைக் கணக்கிட்டு வகுத்த கூலி, எண்ணெய் விலையோ அரிசி விலையோ மாறும்போது அந்தக் கூலியைக் குறைக்கத் தடை: இந்த மூன்றையும் மாநில அளவிலேயே தொடங்கலாம். அதற்கு முன் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் முறுக்கு சுற்றும் அம்மாவை, அத்தையை, பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி யாராவது 'சும்மாதான் இருக்காங்க' என்று சொன்னால், அந்த வார்த்தையை அங்கேயே திருத்துவோம்.